போனதும் வந்ததும்

ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையின் சுவரில் பதித்திருந்த சக்கரத்தின் கைப்பிடியில் அவருடைய வலது கையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள் டீச்சர். டீச்சர் என்றால் அவருடைய மனைவி. காலமெல்லாம் கணக்கு நடத்தி ஊரில் பாதிப் பேரை அழவைத்தவள். அவரோ மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றி, காயில் கட்டியவர். உலகத்தில் எதையும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றுதான் அளப்பார். கல்யாணமான மறுநாளே டீச்சரின் நாக்குக்கு இரண்டாயிரத்து எண்ணூறு என்று மதிப்புப் போட்டு, ஒரு வாரம் பட்டினி கிடந்ததாக அவரே பீற்றிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனிதரைப் பக்கவாதம் வந்து ஒரு தட்டு தட்டியதில் வலது தோள் மரக்கட்டையாகிவிட்டது.

சக்கரத்துக்கு மேலே ஒரு சின்னத் திரை. முழுச் சுற்று சுற்றினால்தான் அதில் எண் ஏறும். இதுவரை பூஜ்யம். இன்றும் பூஜ்யமென்றால் பயிற்சி அவ்வளவுதான். அவருடைய நேரம் வரிசையில் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும்.

"பூஜ்யம்னு போட்டுடாதேம்மா," என்றாள் டீச்சர், பயிற்சி தரும் பெண்ணிடம். "போன மாசம் பத்து செகண்டுல இருபது டிகிரி. இப்ப அதே பத்து செகண்டுல நூறு. எத்தனை முழுச் சுத்துன்னு எண்ணினா அது சுழற்சி வேகம். எவ்வளவு கோணம் திரும்புச்சுன்னு அளந்தா அது கோண வேகம். இவரு அதுல அஞ்சு மடங்கு ஏறியிருக்காரு!"

"எனக்குப் புரியுதும்மா. மேல இருக்கறவங்க ஒரு சுத்தாவதுன்னு கேக்கறாங்களே."

அவர் தள்ளினார். நெற்றியில் ஓடிய வியர்வையில் படகு விடலாம். கைப்பிடி அடியிலிருந்து கிளம்பி, பக்கவாட்டைத் தாண்டி, முக்கி முனகி உச்சிக்கு வந்து நடுங்கியது. பிறகு வந்த வழியே சரிந்து இறங்கிவிட்டது.

"நூத்தியெண்பது போச்சு, நூத்தியெண்பது வந்துச்சு!" டீச்சர் கை தட்டினாள். "கூட்டினா முந்நூத்தறுபது. ஒரு சுத்து. எழுதிக்கோம்மா."

மைனஸை மறந்த பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியவள் அவள். அவளா இப்படிச் சொல்கிறாள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். அவள் அவர் பக்கமே பார்க்கவில்லை. பயிற்சிப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "எழுதிடறேன்," என்றாள்.

"அழிச்சிடும்மா," என்றார் அவர். "போன வழியே திரும்பி வந்தா அது சுத்து இல்ல. இப்படி ஆடற மோட்டாரை ஓடுதுன்னு சொல்லி நான் யாருக்கும் குடுத்ததில்ல."

"என்னங்க, செத்த சும்மா இருங்களேன்."

"திரும்பி வந்ததுக்கு மைனஸ் எங்க போச்சு, டீச்சர்?"

அவள் அவருடைய சட்டைக் கையை இழுத்துவிட்டாள். இழுத்ததையே மறுபடி இழுத்தாள்.

"இன்னொரு தடவை பாக்கறீங்களா, சார்?"

பார்த்தார். கைப்பிடி பக்கவாட்டைக்கூடத் தொடவில்லை. பயிற்சிப் பெண் எழுதியதை அழித்தாள்.

லிஃப்டுக்குள் போனார்கள். கதவு மூடிக்கொண்டது. பொத்தான்கள் அவருடைய வலப்பக்கம் இருந்தன. அவர் அழுத்தட்டும் என்று அவள் நின்றாள். அவள் அழுத்துவாள் என்று அவர் நின்றார். அவருடைய முழங்கைக்கு அடியில் அவள் உள்ளங்கை இருந்தது. கூண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.