விரியாத குடை

இலக்கிய வாத்தியாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'குடை சார்'. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது, உள்ளூரப் பெருமைதான். பாடமாக இருந்த பழைய நாவலின் நாயகி, பத்துப் பேர் உள்ள வீட்டின் மருமகள், கடைசி அத்தியாயத்தில் 'கையில் குடையோடு நனைந்துகொண்டே' வீடு திரும்புகிறாள். குடை இருந்தும் ஏன் நனைகிறாள்? விரியாத குடை அவளுடைய விரியாத மனம் என்று வாத்தியார் ஒரு போடு போட்டார். வருஷா வருஷம் அதையே அரைத்தார். அந்த இடம் வந்ததும் குரலைக் கொஞ்சம் தழுதழுக்கவும் வைப்பார்.

அக்கா மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். அவர் அவளுக்கு வீட்டில் மாமா, வகுப்பில் சார். குடை வைத்திருப்பவள் நனைய மாட்டாள், இதில் ஏதோ இடிக்கிறது என்று மாதத் தேர்வில் எழுதிவைத்தாள். வாத்தியார் பூஜ்யம் போட்டு, 'கற்பனை போதாது' என்று சிவப்பு மையில் கிறுக்கினார். அவள் அழவில்லை. இலக்கியம் வேண்டாம், கணக்குக்கு மாறிக்கொள்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். கதை என்றால் உயிரை விடும் பெண். வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை.

சமாதானம் பேசப் போனவரை அக்கா உட்காரக்கூடச் சொல்லவில்லை. தான் படித்த காலத்துப் பதிப்பை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"கண்ணாடியத் துடைச்சுட்டுப் படிடா."

'கையில் கூடையோடு' என்று இருந்தது. காய்கறிக் கூடை. புதிய பதிப்பில் அச்சகம் ஒரு சுழியை விழுங்கியிருந்தது. அந்த ஓட்டைக்குள் வாத்தியார் ஒரு தத்துவத்தையே குடிவைத்திருந்தார்.

மறுநாள் சொல்லிவிடத்தான் வகுப்புக்குப் போனார். பெருமை விடவில்லை. ஆண்டுத் தேர்வுக் கேள்வித்தாள் அச்சுக்குப் போய்விட்டதே என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார்.

நாயகியின் குடை எதைக் குறிக்கிறது என்பதுதான் அவர் கேட்டிருந்த கேள்வி. விடைத்தாள்களில் விரியாத மனம் பக்கம் பக்கமாக வழிந்தது. படிக்கப் படிக்க அவருக்கே கொட்டாவி வந்தது. அக்கா மகள் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தாள்: 'அச்சுப்பிழையை.'

வாத்தியாருக்கு முதலில் சுருக்கென்றது, அப்புறம் சிரிப்பு வந்தது. எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டார். பிழை அவர்களுடையது இல்லையே. விடைத்தாளைக் கொடுக்கும்போது அந்த வார்த்தையைத் தானே வகுப்பில் படித்துக் காட்டி, நடந்ததைச் சொன்னார். வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அப்போ கூடை எதைக் குறிக்குது சார்?"

வாத்தியார் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா மகள் எழுந்துவிட்டாள்.

"வீடு நிறைய ஆள் இருந்தும், ஒருத்தர்கூட அவளுக்குக் குடை கொண்டு வரல சார்."

கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்து வைக்கவில்லை. குடை சாருக்கு இந்தத் தடவை நிஜமாகவே குரல் தழுதழுத்தது.