எந்தப் பழைய இடம்

தபால் அட்டையில் அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ராமநாதபுரம் வரவும். நம்முடைய பழைய இடத்தில் காத்திருக்கிறேன். மற்றவை நேரில். சேதுராமன்.’

எந்தப் பழைய இடம்? அதை எழுதவில்லை. அந்த டவுனில் எனக்கும் அவனுக்கும் நாலு இடம் உண்டு. மூன்றில் இரண்டு பேரும் இருந்தோம். ஒன்றில் நான் மட்டும் இருந்தேன். பத்து வருஷம் கழித்து அட்டை போடுகிறவனுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக எழுதக் கை வலித்துவிட்டது போல.

அவன் என்றுதான் சொல்வேன். நேரில் பார்த்தால் மச்சான், வாங்க, போங்க எல்லாம் தானாக வந்துவிடும். அத்தை மகன், என்னைவிட ஆறு வயசு மூத்தவன். ஆனால் இது நான் சொல்லும் கதை. இதில் அவனுக்கு அவ்வளவு மரியாதை போதும்.

அட்டை வந்ததும் என் தம்பி பூமிநாதன் தலைகால் புரியாமல் குதித்தான். “அக்கா, அவுகளுக்குப் பொண்டாட்டி செத்து ஒரு வருஷமாச்சு. அத்தையும் ஆள் விட்டுக் கேட்டுருச்சு. நீ ஒரு தடவை போய்ப் பாத்துப் பேசிட்டு வா. வெள்ளிக்கிழமையே வெத்தலை மாத்திருவோம். முப்பது வயசாச்சு உனக்கு.”

வியாழன் பேச்சு, வெள்ளி வெற்றிலை. நடுவில் எனக்கு ஒரு ராத்திரி. போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், பெட்டியில் கிடந்த சிவப்புக்கல் தோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஆர்.எஸ்.மங்கலத்தில் முதல் பஸ் ஏறினேன். தேவிபட்டினம் வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

அரண்மனைப் பக்கம் இறங்கி முதலில் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தேன். எங்கள் முதல் இடம் அதுதான்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் அவன் இங்கே ஓர் ஆபீஸில் கிளார்க் ஆனான். அப்போது ஆத்தாவுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவேன். ஆத்தா வரிசையில் உட்கார்ந்ததும், அவன் ஆபீஸில் பொய் சொல்லிவிட்டு வந்து என்னை ஒரு மணி நேரம் அழைத்துப் போவான். ஆத்தாவுக்கும் தெரியும். நான் பிறந்த அன்றைக்கே அத்தை ‘இவ என் மகனுக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனவள். அதனால் ஆத்தா கண்டும் காணாமல் இருந்துவிடுவாள். சரியாகப் பார்க்கிற கண்ணாக இருந்திருந்தால் அவனை நன்றாகவே பார்த்திருப்பாள்.

ஸ்டேஷனில் ராமேஸ்வரம் ரயிலுக்கு வடநாட்டு யாத்திரிகர் கூட்டம். பெஞ்சில் அவன் இல்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் அன்றைக்கு ரயிலிலிருந்து இறங்கிய ஒரு டீச்சரம்மாவைக் காட்டினான். சின்னக் காது, அதில் பொட்டு மாதிரி ஒரு தோடு.

“பாத்தியா பூமயிலு, காதுன்னா அப்படி இருக்கணும். ஒன்னோடது தோள் வரைக்கும்ல கிடக்கு” என்றான்.

நான் சிரித்தேன். ஒரு அறை விட்டிருக்க வேண்டாமா? சிரித்தேன்! இன்றைக்கும் அந்தப் பெஞ்சைப் பார்த்தால் அவன்மேல் வருகிற கோபத்தைவிட அந்தச் சிரிப்பின்மேல்தான் அதிகம் வருகிறது.

அந்தக் காது சும்மா வந்ததில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே ஆத்தா கருத்தம்மாள் காதைக் குத்தி, ஓட்டையில் பஞ்சைத் திணித்து, பிறகு ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு, வருஷக்கணக்கில் இழுத்து வளர்த்த காது. எண்ணெய் தடவி நீவிவிடாமல் ஒரு நாளும் தூங்கமாட்டாள். அதில் நான் போட்டிருந்த பாம்படம் அவளுடைய அம்மா போட்டது. நடந்தால் இரண்டு பக்கமும் கன்னத்தில் தட்டும். எங்கள் ஊரில் காது வளர்க்காத பெண்ணைப் பார்த்து ‘வளக்க ஆளில்லையோ’ என்று கேட்பார்கள்.

ஸ்டேஷனை விட்டு சாலைத் தெருவுக்கு வந்தேன். இரண்டாவது இடம், ஹமீது சுல்தான் பாயின் போட்டோ ஸ்டுடியோ. பாய் நரைத்துப் போயிருந்தார். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “முக்காடு போட்டுப் படம் எடுத்த புள்ளதானே? வாம்மா” என்றார்.

பாருங்கள், பாய்க்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குப் படம் எடுக்க நின்றபோது அவன் என் முந்தானையை இழுத்து, தலையோடு சேர்த்துக் காதை மூடிவிட்டான். பாய் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, “ஏன் தம்பி மூடுறீங்க? பாம்படம் எவ்வளவு அம்சமா இருக்கு, படத்துல விழட்டுமே” என்றார். “வேணாம் பாய், ஆபீஸ்ல நாலு பேரு பாப்பாங்க” என்றான் இவன். அந்தப் படத்தில் பல்வலிக்காரி மாதிரி நிற்பேன். கிழித்து அடுப்பில் போட்டாயிற்று.

“மச்சான் இந்தப் பக்கம் வந்தாகளா பாய்?”

“வரலையேம்மா. வருஷக்கணக்காச்சு.”

மணி பத்தரை. அப்படியானால் ஊருணிதான். வெயில் ஏறியிருந்தது. இன்னும் நாலு எட்டு வேகமாக நடந்தேன். காத்திருப்பவன் போய்விடக் கூடாது என்ற பதைப்பு. வெட்கங்கெட்ட கால்கள்.

ஊருணியின் மேற்குப் படித்துறையில், வேப்பமர நிழலில், மூன்றாவது படி. அங்கே வைத்துத்தான் அவன் என் பாம்படத்தைக் கழற்றச் சொல்வான். தொங்குகிற காது வளையத்துக்குள் சுண்டுவிரலை விட்டு மெதுவாக ஆட்டுவான். “இங்கன ஒரு ஊஞ்சல் கட்டி வச்சிருக்கா எங்க அத்தை” என்பான். எனக்கு உடம்பெல்லாம் கூசும். சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க மாட்டேன். என் ஆயுசில் ஒரு ஆண் என்னைத் தொட்டது அந்தக் காதில் மட்டும்தான். யாரும் இல்லாத இடத்தில் அது அவனுக்கு வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வேண்டாம்.

அதே படியில் உட்கார்ந்துதான் சொன்னான்: “கல்யாணத்துக்கு ஆபீஸே திரண்டு வரும் பூமயிலு. இந்தப் பட்டிக்காட்டுக் காதோட ஒன்னை எப்படி நிறுத்துவேன்? டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன். தொங்குறதை அறுத்துட்டுத் தைச்சுருவாக. அரை மணி நேர வேலை. இப்ப எல்லாரும் செய்றாக. நானே ஒன் கூட இருப்பேன்.”

மூன்று மாதம் சொன்னான். மூன்றாவது மாதம் சரி என்றேன்.

இன்றைக்கும் அதே மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தான். முன்மண்டை வழுக்கை, மடியில் குடை. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

“நீ இங்கனதான் வருவேன்னு எனக்குத் தெரியும்” என்றான்.

“ஸ்டேஷன், ஸ்டுடியோ எல்லாம் அலைஞ்சுட்டு வாரேன் மச்சான்” என்றேன்.

“அங்கன எதுக்குப் போன?” என்று கேட்டான். ஒரு படி தள்ளி உட்கார்ந்தேன்.

பேசினான். மனைவிக்கு வந்த காய்ச்சல், இரண்டு பெண் பிள்ளைகள், இளையது ராத்திரியில் அம்மாவைத் தேடி அழுவது. சொல்லும்போது குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை. “ஒனக்கு நான் செஞ்சது பெரிய தப்புதான் புள்ள. மேனேஜர் பொண்ணைக் கட்டிக்கச் சொன்னப்ப என்னால மாட்டேன்னு சொல்ல முடியலை. ஆனா இந்தப் படியை நான் மறக்கவே இல்லை” என்றான்.

என் கோபம் இறங்கியது. முழுசாக இல்லை, ஆனால் இறங்கியது. அழுகிற அந்தச் சின்னப் பிள்ளையை நினைத்தேன். பூமிநாதன் நாளைக்கு வெற்றிலை வாங்கட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

அப்போது அவன் என் காதைப் பார்த்தான். இடது காது கோணலாக ஆறிய காது. தோடு நேராக நிற்காது, கழுத்தைப் பார்த்துச் சாயும்.

“ஒன் பழைய காதுதான் பூமயிலு அழகு” என்றான். “பாம்படம் போட்டுக்கிட்டு நீ நடந்து வந்தா நானெல்லாம் அப்படியே நின்னுருவேன். நல்லா இருந்த காதைப் போய் அறுத்துட்டியே. யாரு ஒன்னை அறுக்கச் சொன்னது?”

முகத்தைப் பார்த்தேன். கேலி பண்ணுகிறானோ என்று பார்த்தேன்.

“யாரு சொன்னதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா மச்சான்?”

“எனக்கெப்படித் தெரியும்? அப்ப ஒங்க ஊர்ப் பொம்பளைக எல்லாம் நாகரிகம்னு அறுத்துக்கிட்டுத் திரிஞ்சீக. ஒன்கிட்ட ஒரு நாள் கேக்கணும்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

பொய் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரியும். இவன் நிஜமாகவே மறந்துவிட்டான். என் காதை அறுக்க வைத்ததை, கடைவீதியில் குடையை மறந்துவிட்டு வருவது மாதிரி எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டான். ஊஞ்சல் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

எழுந்தேன். “வாங்க மச்சான், இன்னும் ஒரு எடம் பாக்கி இருக்கு.”

“எங்கன?”

“நம்ம பழைய எடந்தான். வாங்க.”

சந்தோஷமாகக் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். எனக்கும் சேர்த்துப் பிடித்தான். நான் வெயிலிலேயே நடந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததும், “அத்தை கண்ணு காட்ட வருமே, அந்த எடமா?” என்றான். ஆத்தா இப்போது இல்லை. துக்கத்துக்கு வந்தவன்தான் இவன்.

வராந்தாக் கடைசியில் அந்த மரப் பெஞ்சு அப்படியே இருந்தது. ஐம்பத்தொன்றாம் வருஷம் ஆவணி மாதம், ஆத்தாவுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்த என்னை, காலை ஒன்பது மணிக்கு அவன் இங்கேதான் உட்கார வைத்தான். ‘மேனேஜர் வீட்டு ஆளுக ரயிலுக்கு வாராக. நான் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வாரேன். இங்கனயே இரு, அரை மணியில வந்துருவேன்’ என்று சொல்லிவிட்டுப் போனான். என் பெயரைக் கூப்பிட்டார்கள். “கூட யாரு?” என்று நர்ஸ் கேட்டபோது “வந்துக்கிட்டு இருக்காக” என்றேன். அறுத்தார்கள், தைத்தார்கள். எனாமல் தட்டில் என் காது இரண்டு துண்டாகக் கிடந்தது. அதன் பிறகு தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு, மடியில் பாம்படத்தை முடிந்துகொண்டு, நாலு மணி வரைக்கும் இதே பெஞ்சில் இருந்தேன். கடைசியில் தனியாகவே பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் ஆத்தா மாரில் அடித்துக்கொண்டாள். “தாலி ஏறுறதுக்கு முன்னாலயே காதை மூளியாக்கிட்டு வந்து நிக்கிறாளே!” எங்கள் பக்கத்தில் புருஷன் செத்தவள்தான் காதைக் காலியாக விடுவாள். இடது காதில் சீழ் வைத்தது. இருபது நாள் கழித்து அவன் வந்தான், அந்தச் சீழைப் பார்த்தான், ஒரு செம்பு தண்ணீர் குடித்தான், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றான். தை மாதம் அந்த ரயிலில் வந்த மேனேஜர் மகளைக் கட்டினான். எனக்கு ஊரில் ‘காதறுத்தவ’ என்று பெயர் வந்தது. பெண் பார்க்க வந்த இரண்டு பேரும் காதைப் பார்த்துவிட்டு, ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஆளை நானே வரவேண்டாம் என்றேன்.

“உக்காருங்க மச்சான்” என்றேன்.

உட்கார்ந்தான். குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்தான். சுவரைப் பார்த்தான், எதிரே கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் எதுவும் வரவில்லை. இங்கே என்ன நடந்தது என்று நான் எடுத்துச் சொல்லியிருந்தால் அழுதிருப்பான். மன்னிப்பும் கேட்டிருப்பான். அவனுக்குப் பாரம் இறங்கியிருக்கும். அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

“நாளைக்கு வெத்தலை மாத்தணும்ல” என்றேன். “நான் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வாரேன். இங்கனயே இருங்க, அரை மணியில வந்துருவேன்.”

“சரி புள்ள” என்றான்.

அரண்மனைப் பக்கம் ஆர்.எஸ்.மங்கலம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தோட்டின் திருகைக் கழற்றி இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டேன். கண்டக்டர் சுஐபு எங்கள் ஊர்க்காரர். “என்ன பூமயிலு, காதை மூளியா வச்சிருக்க?” என்று கேட்டார்.

“இருக்கட்டும்ணே. ஒரு டிக்கெட் குடுங்க” என்றேன்.

அவன் அன்றைக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று எனக்குத் தெரியாது. நான் இருந்தது நாலு மணி வரைக்கும்.