கோள் சொன்ன கோள்

அந்த நாட்டின் முதல் செயற்கைக்கோள் வானத்துக்குப் போன பதினோராம் நாள் கோள் சொல்ல ஆரம்பித்தது. காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அது தலைக்கு மேல் கடந்தபோது, நிலையத்தின் அச்சு இயந்திரத்தில் எண்கள் வர வேண்டிய இடத்தில் இப்படி வந்தது: “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. விவசாய இலாகாவுல முப்பதாயிரம் ஏக்கர் நடவுன்னு எழுதியிருக்காங்க இல்ல? நல்லா எண்ணிப் பாத்தேன், இருபத்தோராயிரம்தான்.” ஆள் அனுப்பி அளந்து பார்த்தார்கள். இருபத்தோராயிரத்து நாற்பது இருந்தது. அந்த நாற்பது விட்டுப்போனதற்கு மேகம் காரணம்.

இப்படி ஆனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம் என்று சபையில் எதிர்க்கட்சிக்காரர்கள் சிரித்தபோதே, தண்ணீர் எங்கே இருக்கிறது, புயல் எங்கே வருகிறது, மீன் எங்கே திரிகிறது என்று ஆயிரம் பேரை நடக்கவிட்டுத் தேடுவதைவிட மேலே ஒரு கண்ணை வைப்பது சுலபம் என்று திட்டக்குழு பதில் சொல்லியிருந்தது. பழைய தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் உட்கார்ந்து செய்தார்கள். கடைசி வாரம் நிறுத்துப் பார்த்தால் பதினெட்டு கிராம் கூடுதல். எடைப் பொறுப்பில் இருந்த பொறியாளரை எல்லோரும் கிராம் ஐயா என்பார்கள். அவர் திருகாணிகளின் தலையைச் சீவினார், கம்பிகளின் உறையை உரித்தார். அப்படியும் போதாமல், பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்த ‘செயற்கைக்கோள்’ என்பதில் உப்புத்தாளை வைத்து ‘செயற்கைக்’ என்பதைத் தேய்த்து எடுத்தார். எடை சரியாகிவிட்டது. மிச்சமிருந்தது வெறும் கோள். பேருக்கேற்ற புத்தி வரும் என்பதை நிறுக்கிற தராசு அந்தக் கூடத்தில் இல்லை.

விஷயம் தெரிந்ததும் தமிழறிஞர்கள் மூன்று பேரை வைத்து ஒரு குழு போட்டார்கள். விடுபட்ட எழுத்துகளைத் திரும்ப எழுதினால் சரியாகிவிடும் என்று அறிக்கை வந்தது. அறுநூறு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூரிகையோடு யார் போவது என்ற கேள்விக்கு அறிக்கையில் பதில் இல்லை. அதனால் அப்படியே விட்டுவிட்டார்கள். விட்டதில் நஷ்டமும் இல்லை. எந்த மலைச்சரிவில் இரவோடு இரவாக மரம் வெட்டினார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போட்டதாகச் சொன்ன ரோடு பாதியில் நிற்கிறது, எந்த அமைச்சரின் மச்சான் ஆற்றில் மணல் அள்ளுகிறார் என்று அது ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வேறு வழியில்லாமல் நாடு முன்னேறியது. ஆறு வருடத்தில் புயலில் செத்தவர்கள் எண்ணிக்கை நூற்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. அந்த இரண்டு பேரும் சொன்னதைக் கேட்காதவர்கள்.

கோள் சொல்வதை வாங்கி, துண்டுச் சீட்டில் எழுதி, அந்தந்த இலாகாவுக்கு அனுப்புவது ஒரு பெண்ணின் வேலை. எந்நேரமும் காதில் ஹெட்போனை மாட்டியிருந்ததால் காதக்கா என்று பேராகிவிட்டது. நாளுக்கு நான்கு தடவை, தடவைக்குப் பன்னிரண்டு நிமிடம். அமைச்சரின் மச்சான் விஷயத்தைக்கூட ஒரு சொல் குறைக்காமல் அனுப்பியவள். அவள் புருஷன் பஸ் டிரைவர். இரண்டு பேரும் ஒன்பது வருடம் பாடுபட்டு, வடக்கே புதிதாகப் பிரித்த மனையில் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். இரண்டு அறை, ஒரு மொட்டை மாடி. சமையலறை ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு மட்டும் ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

ஏழாம் வருடக் கோடையில் ஒரு நாள் அது சொன்னது: “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. வடக்கு ஏரி ஏன் நெரம்ப மாட்டேங்குதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். தண்ணி வர்ற வாய்க்கால் மேல நாப்பத்தொரு வீடு நிக்குது. ஏழாவது வீட்டு மாடில பச்சைப் போர்வை காயுது.”

காலையில் அந்தப் போர்வையை உதறிக் காயப்போட்டவள் அவள்தான். சீட்டை எழுதினாள், மடித்தாள், மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். அவள் வாழ்க்கையில் செய்த முதல் அலுவலகக் குற்றம் அது.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப விட்டுடு. மேல சுத்தறதுக்கு என்ன தெரியும், நாம இந்த வீட்டுக்குப் பட்ட பாடு?”

“தெரியாதுதான். ஆனா வாய்க்கால் இருந்தது நெஜம். ஊர்ல பாதி வீட்ல குழாயத் தொறந்தா காத்துதான் வருது.”

அவன் எழுந்து போய்ச் சமையலறைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றான். திரும்பாமலே சொன்னான்: “அனுப்பறதா இருந்தா என்னைக் கேக்காத. அனுப்பிட்டு வந்து சொல்லு.”

கோள் சொல்கிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. சொன்னது பரவவில்லை என்றால் அடுத்ததைச் சொல்ல மாட்டார்கள். இதுவும் அப்படித்தான். வரும்போதெல்லாம் பச்சைப் போர்வை, பச்சைப் போர்வை என்றதே தவிர மழையைப் பற்றி மூச்சுவிடவில்லை, காற்றைப் பற்றியும் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலையில் மீன்பிடிக்கிறவர்கள் நாற்பது, ஐம்பது பேர் நிலையத்து வாசலில் வந்து நின்றார்கள். “அக்கா, கடலுக்குப் போலாமா வேணாமா? அதை மட்டும் சொல்லிடுங்க, நாங்க போய்டுறோம்” என்றார் ஒருவர். அவள் உள்ளே வந்து டிராயரைத் திறந்து சீட்டை எடுத்து நீர்வள இலாகாவுக்கு அனுப்பினாள். சீட்டு அங்கே போய்ச் சேருவதற்குள், கிழக்கே காற்று மாறுகிறது, இரண்டு நாள் கடலில் கால் வைக்க வேண்டாம் என்று அச்சு இயந்திரம் கடகடவென்று அடித்துத் தள்ளியது.

நான்கு மாதத்தில் வீடு இடிக்கிற இயந்திரங்கள் வந்தன. நாற்பத்தொரு குடும்பத்துக்கும் பத்துக் கிலோமீட்டர் தள்ளி வேறு மனை கொடுத்தார்கள். சீட்டை அனுப்பியது அவள்தான் என்று தெரிந்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரி, சாமான் ஏற்றும்போது அவள் முகத்தில் விழிக்கவில்லை. ஏழாவது வீட்டை இடிக்கிற அன்று புருஷன் அங்கே நின்றான். அவளுக்கு மாற்று ஆள் கிடைக்காததால் நிலையத்தில் இருந்தாள். பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கோள் வந்தது. சிக்னல் முள் நிறையக் காட்டியது, இரைச்சல் இல்லை, கோளாறு எதுவும் இல்லை. ஆனால் அது வாயைத் திறக்கவில்லை. கீழே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு நிமிடமும் ஒரு சொல் சொல்லாமல் கடந்து போனது. அவள் காதில் மாட்டியதைக் கழற்றாமல் அழுதாள்.

“இன்னிக்கு என்ன சொல்லிச்சு?” என்று சாயங்காலம் புருஷன் கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். “அப்படியா” என்றவன், வாடகை அறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று பார்க்கப் போய்விட்டான். மறுநாளிலிருந்து கோள் வழக்கம்போல் பேசியது. அந்த வருட மழைக்கே ஏரி நிரம்பி, ஊரின் வடக்குப் பாதிக்குத் தண்ணீர் வந்தது.

அலுவலகம் அசைவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நிமிடம் ஏன் செய்தி இல்லை, விளக்கம் தேவை என்று தாள் வந்தது. அவள் விளக்கம் எழுதவில்லை. விடுப்புப் படிவம் ஒன்றை எடுத்து, விண்ணப்பதாரர் என்ற இடத்தில் கோள் என்றும், காரணம் என்ற இடத்தில் வீட்டுத் துக்கம் என்றும் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேலதிகாரி விதி தவறாதவர். துக்கத்துக்கு விடுப்பு நெருங்கிய உறவுக்குத்தான் உண்டு, உறவுமுறையைக் காலியாக விட்டிருக்கிறீர்களே என்று திருப்பிக் கொடுத்தார். அவள் பேனாவை எடுத்து, நாத்தனார் என்று எழுதினாள்.

அதிகாரி படித்துப் பார்த்தார். “ஆமா, அவங்கதான் போட்டுக் குடுப்பாங்க, அப்புறம் அவங்கதான் மொதல்ல அழுவாங்க” என்றபடி கையெழுத்துப் போட்டார். கோளின் பெயரில் அரை நாள் சாதாரண விடுப்பு கழிக்கப்பட்டது. அந்த வருடத்துக்கு இன்னும் பதினொன்றரை நாள் மீதி இருக்கிறது.