கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு தலை

நந்தனத்தில் ஒரு நாலு மாடிக் கட்டடத்துக்கு வெளிச்சுவர் பெயின்ட் வேலை. மொட்டை மாடித் தூணில் கயிற்றைச் சுற்றிப் பலகையை இறக்குவது கதிரேசன். அந்தப் பலகையில் உட்கார்ந்து தொங்கியபடி பிரஷ் போடுவது ஆசிஃப். மேலே நிற்பவனுக்குக் கீழே இருப்பவன் தெரியமாட்டான். கைப்பிடிச் சுவர் மறைக்கும்.

கதிரேசனுடையது கட்டட வேலையில் மணல் வாளி இறக்கிப் பழகிய கை. ஒரு முழம் கயிறு விட்டால் வாளி ஒரு முழம் போகும், அவ்வளவுதான். ஆளையும் அப்படியே இறக்கினான். கீழேயிருந்து சத்தம் வந்தால் பயந்தாங்கொள்ளி கத்துகிறான் என்று பீடியைப் பற்றவைப்பான். இவன் கயிற்றில் தொங்கமாட்டோம் என்று முன்பே இரண்டு பேர் ஒதுங்கிவிட்டார்கள். ஆசிஃபும் போனால் மேஸ்திரி தணிகாசலம் தன்னை வேலையை விட்டே நிறுத்திவிடுவார் என்று கதிரேசனுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் அடங்காது.

அன்று காலை கயிறு சட்டென்று இறங்கியதில் ஆசிஃபின் முழங்கை ஏசி பெட்டியின் விளிம்பில் பட்டுக் கிழிந்தது. தரையில் இறங்கி, மேஸ்திரிக்குப் போன் போட்டுவிட்டு, மாடியேறி வந்தான்.

"நான் இன்னா மணல் வாளியாணா? வேற ஆள் கேட்டுக்கீறேன்."

"சும்மா குந்திக்கினு வர்றதுக்கு இவ்ளோ சீன் போடறியா? நவுரு, நான் எறங்கறேன். கயித்த நீ புடிச்சுப் பாரு, யார் கஷ்டம்னு தெரியும்."

பலகையை மேலே இழுத்து, வீம்புக்கு உட்கார்ந்துவிட்டான் கதிரேசன். கைப்பிடிச் சுவரைத் தாண்டியதுமே கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். ஆசிஃப் மெதுவாகத்தான் விட்டான். அப்படியும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் கதிரேசன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மூன்றாவது மாடியில் ஏசி பெட்டி முகத்தில் அனலை ஊதியது. பலகை சுழன்று அவனைத் தெருப் பக்கம் திருப்பிவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தினான். ஏசி இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்தான். சுவர் விளிம்பு, கயிறு, வானம். கயிற்றை யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்பதே தெரியவில்லை. ஆசிஃப் இத்தனை நாளும் இங்கேயிருந்துதான் கத்தியிருக்கிறான். பயம்தான். பயப்படாமல் என்ன செய்வான்?

விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. தூணில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு ஆசிஃப் குனிந்து கையை ஆட்டினான். அந்த மூஞ்சியைப் பார்த்ததும்தான் கதிரேசனுக்கு மூச்சு வந்தது. அதற்கப்புறம் கொஞ்சம் இறக்குவதும் எட்டிப் பார்ப்பதுமாகத் தரைவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தான் ஆசிஃப்.

கதிரேசன் மாடியேறிப் போனபோது, ஆசிஃப் பக்கெட் தண்ணீரில் உள்ளங்கைகளை முக்கிக்கொண்டு நின்றான். தோல் உரிந்திருந்தது. தளம் தோசைக்கல்லாய்க் கொதித்தது.

"எப்டிணா நாள் பூரா இதப் புடிச்சுக்கினு கீற?"

தன் கையில் சுற்றிக்கொள்ளும் பழந்துணியை எடுத்து, அவன் முழங்கைக் காயத்தைச் சுற்றிக் கட்டினான் கதிரேசன். மன்னிப்புக் கேட்டுப் பழகிய வாய் இல்லை.

"இனிமே எட்டிப் பாத்துட்டுதான் விடுவேன்," என்றான். "அரை முழம் அரை முழமா."

மதியம் மேஸ்திரி வந்து, வேறு ஆள் யார் வேண்டும் என்று கேட்டார். ஆசிஃப் பலகையில் கால் வைத்துக்கொண்டே, இந்தச் சுவர் முடியட்டும், பார்ப்போம் என்றான். கதிரேசன் தூணில் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்த எட்டிப் பார்த்தான்.

"எறக்கட்டா?"

"எறக்குணா. மூஞ்சிய மட்டும் கொஞ்சம் சிரிச்சாப்ல வெச்சுக்க. பயமாக்கீது."