ஜிக்சா படத்துல மூணு ஓட்டை

நூலக ஹால்ல மேஜைகள சேத்துப் போட்டு ஒரு பெரிய ஜிக்சா படம் வச்சிருந்தாங்க. ஊரே வந்து ஆளுக்கு ஒரு துண்டா சேர்த்துச்சு. கடைசித் துண்ட வைக்கிறவங்க போட்டோவ வாசல்ல மாட்டுவாங்களாம். முடிக்கிற அன்னைக்குப் பார்த்தா மூணு ஓட்டை இருக்கு, துண்டு ஒண்ணுகூட இல்ல.

"பெருக்கறப்போ குப்பையோட அள்ளிட்டா. நாளையிலேருந்து இவ வேலைக்கு வர வேணாம்"னு நூலக மேனேஜர் கத்தினார். அங்க பெருக்கறது என் தங்கச்சி. அவ முகம் வெளிறிப் போச்சு.

எனக்கு என்னமோ உறுத்துச்சு. எல்லாரும் தரையில குனிஞ்சு தேடறாங்க, சில பேரு மட்டும் குனியவே இல்ல.

"முதல்ல அவங்கவங்க பாக்கெட்ட காட்டிருவோமே"ன்னு சொல்லி என் பாக்கெட்ட வெளிய இழுத்துக் காட்டினேன்.

"என்னண்ணே, எங்கள திருடனுங்கன்னு சொல்றீங்களா?"ன்னு டெய்லர் எகிறினார். அவர் பொண்டாட்டியே அவர் சட்டைப்பையில கைய விட்டு ஒரு துண்ட எடுத்தாங்க.

"காலையிலேருந்து தடவிக்கிட்டே இருந்தீங்களே, இதுக்குத்தானா?"

மருந்துக்கடைக்காரர் தன்னோடத எடுத்து மேஜையில வச்சார்.

இன்னும் ஒரு ஓட்டை பாக்கி. மேனேஜரோட வலது கை மட்டும் பேன்ட் பாக்கெட்ட விட்டு வெளிய வரவே இல்ல. தங்கச்சி குப்பை முறத்த அவர் முன்னாடி நீட்டினா.

"இதுல போடுங்க சார். நாளைக்கு வந்து நானே வச்சிடறேன்."