எடைமேடை அறையின் தரை

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில், லாரிகளை நிறுத்தும் எடைமேடையை ஒட்டிய தகர அறைதான் எடை பதியும் ரமாபாய்க்கு ஆபீஸ். ட்ரெய்லர் ஏறும்போதெல்லாம் தரை கிடுகிடுவென்று ஆடும். ரமாபாய் இரண்டு காலையும் தூக்கி ஸ்டூல் கம்பியில் வைத்துக்கொள்வாள். முதுகு போயேவிட்டது. "புதுத் தரையும் ஆடிச்சின்னா நான் வேலைய வுட்டே நின்னுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

புதுத் தரை போட்டது மகிழினி. வியாசர்பாடியில் ரமாபாயின் பக்கத்து வீட்டுப் பெண். அதிர்வை அடக்குவதையே படிப்பாகப் படித்த இன்ஜினியர். மேலே ஒரு இரும்புத் தகடு, கீழே ஒன்று, நடுவே ரப்பர் மாதிரி இழுபடும் அடுக்கு. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று துளி நகர்ந்தால் போதும், நடு அடுக்கு கசங்கி ஆட்டத்தையெல்லாம் விழுங்கிவிடும்.

முதல் லோடு ஏறியது. தரை முன்பைவிட மோசமாக உதறியது.

"என்னம்மா இது, பழசே தேவலாம்னுல்லா இருக்கு!" யார்டு மேனேஜர் தேவப்பிரியம் கடுகடுத்தார். "சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா பேத்துட்டு, தடியா ஒரே இரும்பாப் போட்டுருவேன்."

மகிழினிக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. லாரிகள் தாளம் போட்டுக்கொண்டா வரும்? காலி வண்டி, முழு லோடு, திடீர் பிரேக் என்று இஷ்டத்துக்கு வரும். அந்த இஷ்டத்தையே இதே மேடையில் பதிவு செய்து போட்ட கணக்கு அவளுடையது. பெரிய ஆட்டத்தில் தகடு விறைத்துக்கொள்ளும், இருமடங்கு அடி விழுந்தால் இருமடங்கு ஆட்டம் என்ற நேர்க்கணக்கு அங்கே செல்லாது என்பதுகூட அதில் உண்டு. கணக்கு சரி. அப்படியானால் இது அவள் கணக்கில் இருந்த தரை இல்லை.

மண்டியிட்டுத் தரைத் தகட்டின் விளிம்பைத் தடவினாள். நாலு பக்கமும் புத்தம்புது வெல்டிங், மேலே பெயின்ட் வேறு.

"டில்லிபாபு அண்ணா, இத்த யாரு பத்த வச்சது?"

"நான்தாம்மா!" இரும்புப் படகு கட்டிப் பழகிய வெல்டர் பெருமையாகச் சிரித்தார். "ஓரம் தொறந்துகினு கீது. உப்புக் காத்து பூந்தா துரு புட்சிக்காதா?"

அந்தக் கடலோரத்தில் திறந்த விளிம்பைக் கண்டால் எந்த வெல்டருக்கும் கை சும்மா இருக்காது. அக்கறைதான். அந்த அக்கறை இரண்டு தகடுகளையும் ஒன்றாகக் கட்டிப்போட்டு, நடு அடுக்கை வேலையில்லாமல் உட்கார வைத்துவிட்டது.

"அறுத்துடுங்கண்ணா."

"இன்னாம்மா சொல்ற? துரு?"

"ஓரத்துக்கு மெத்துனு பேஸ்ட் வச்சிக்கலாம். காத்தும் பூராது, தகடும் நவுரும். நான் சொல்றேன்ல, அறுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கிரைண்டரைப் போட்டார். ஓரத்தில் நடு அடுக்கு கொஞ்சம் கருகியிருந்தது. உள்ளே நன்றாகவே இருந்தது.

முதலில் ஒரு காலி வண்டி ஏறி இறங்கியது. அதன் பின்னாலேயே முழு லோடு ஒன்று வந்து வெடுக்கென்று பிரேக் போட்டது. ரமாபாயின் கால்கள் பழக்கத்தில் கம்பிக்குத் தாவின. தரை 'தொம்' என்று முனகியது, அவ்வளவுதான். தேவப்பிரியம் மேசையில் கைவைத்துப் பார்த்தார்.

ரமாபாய் செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலைத் தரையில் வைத்தாள். அடுத்த ட்ரெய்லர் தடதடவென்று ஏறியது. மகிழினி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவை எழவில்லை.

ரமாபாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வரிசையில் நின்ற டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்: "இன்னா நைனா வேடிக்கை? அடுத்த வண்டிய ஏத்து!"