பொன்னி போட்ட பங்கு

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரமும் அதனதன் மூடியோடு இருந்ததில்லை. குண்டான் மூடி கட்டிலுக்கடியில் கிடக்கும், டீத்தூள் டப்பா மூடி கோழிக்கூண்டுக்குள் கிடக்கும். என் மகள் பொன்னிக்கு அப்போது மூன்றரை வயது. மூடிகளை ஒளித்துவைத்துவிட்டு, "எது எதுக்கு மூடி, கண்டுபுடி பாப்போம்" என்று நான் சொன்னால் போதும், வீடு ரெண்டுபட்டுப் போகும். சரியான மூடியைச் சரியான பாத்திரத்தில் அவள் டக்கென்று வைக்கும்போது நான் கத்துவேன், அவளும் கத்துவாள். பக்கத்து வீட்டு கிளியம்மாள் அக்கா என்னவோ ஏதோவென்று ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவார்.

எல்லாம் மிக்சர் கட்டி வந்த ஒரு பேப்பரால் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கடை பொம்மை தேவையில்லை, வீட்டில் இருப்பதை வைத்தே விளையாட்டாகச் சொல்லித்தரலாம் என்று அதில் போட்டிருந்தது. கீழ்ப்பாதி எண்ணெயில் ஊறி எழுத்தே தெரியவில்லை. தெரிந்தவரை படித்தேன், மீதியை நானே இட்டுக்கட்டிக்கொண்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். பாதி தெரிந்தாலே போதும், முழுசாக இறங்கிவிடுவேன்.

தாம்பாளத்தில் கடற்கரை மணலைப் பரப்பினால் அதுதான் எங்கள் சிலேட்டு. வட்டம் போடுவாள், கட்டம் போடுவாள், பிடிக்காவிட்டால் ஒரு ஆட்டு ஆட்டி அழிப்பாள். கிழிந்த வலையிலிருந்து கழற்றிய மிதவைகளைக் கயிற்றில் கோர்ப்பாள். கேப்பை வைத்திருக்கும் அன்னக்கூடைக்குள் நான் சிப்பியைப் புதைப்பேன், கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே துழாவி எடுத்து, பெரிசா சின்னதா என்று சொல்லவேண்டும். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உரித்தால் பருப்பு ஒரு கிண்ணம், தோல் ஒரு கிண்ணம். தோல் கிண்ணம் மட்டும் எப்போதும் நிறையும், பருப்புக் கிண்ணம் நிறைந்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது பங்கு விளையாட்டு. அது பேப்பரில் வந்ததல்ல, எங்கள் குப்பத்தில் வந்தது. என் வீட்டுக்காரர் சுகுமார் பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். விற்றது போக வீட்டுக் குழம்புக்கு எடுத்த மீனை, போட்டைக் கரையேற்றிய கையோடு மணலிலேயே கூறு போடுவார்கள். போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அப்புறம் ஆளுக்கு ஒரு பங்கு. போட்டு மீன் தின்னுமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். போட்டுக்காரருக்கும் வலைக்காரருக்கும் போகிற பங்கு அது. எல்லாம் போட்டு முடித்து ஒன்றிரண்டு மிச்சம் விழுந்தால், அது கரையில் நிற்கிறவர்களுக்கு. கடலுக்கு அனுப்ப வீட்டில் ஆளில்லாமல் கூடையோடு வந்து நிற்பவர்கள் யாராவது எப்போதும் இருப்பார்கள். பொன்னி தினமும் அந்தக் கூறுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்வாள். வீட்டுக்கு வந்து அதையே சிப்பியில் ஆடுவாள். "இது போட்டுக்கு, இது வலைக்கு, இது அப்பாவுக்கு" என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வைப்பாள். ஒரு கூறில்கூட கூடக்குறைய இருக்காது. இந்த வயசில் கணக்கைப் பார் என்று நான் பூரித்துப் போவேன்.

பூரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். சுகுமாரின் அக்கா அம்சா அண்ணி விழுப்புரத்திலிருந்து வந்து சேர்ந்தார்.

அண்ணிக்கு ரயில்வேயில் வேலை பார்க்கும் புருஷன், சொந்த வீடு, எல்லாம் உண்டு. பிள்ளை மட்டும் இல்லை. பொன்னி என்றால் உயிர். வந்தவர் மணல் தாம்பாளத்தையும் கோழிக்கூண்டு மூடியையும் பார்த்தார்.

"இன்னா துர்கா இது, புள்ளைய மண்ணுல போட்டு வளத்துக்கினு கீற? எங்க தெரு கோடியிலயே இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலு. எங்கூட அனுப்பு, நான் படிக்க வெக்கிறேன். லீவுக்கு லீவு வந்து பாத்துக்கினு போ."

எனக்குச் சுரீரென்றது. ஆனால் அண்ணி கெட்டதாக எதுவும் சொல்லவில்லையே! எங்கள் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகள் அத்தை வீட்டிலும் மாமா வீட்டிலும் தங்கித்தான் படிக்கிறார்கள். சுகுமார் அக்கா பேச்சைத் தட்டாதவர். நான் அழுவதற்கு முன்னால் ஒரு வழி சொன்னார்.

"திண்டிவனத்துல ஒரு ஸ்கூல்லேர்ந்து நம்ப ஊருக்கு வேன் வருதுக்கா. எல்.கே.ஜி.க்கு இன்டர்வியூ வெப்பாங்களாம். அதுல சீட்டு கெடைச்சா இங்கேயே இருக்கட்டும். கெடைக்கலன்னா நீ கூட்டிக்கினு போ. சொன்ன சொல்லு மாறமாட்டேன்."

"சரிடா" என்றார் அண்ணி. நானும் சரி என்றேன். என் பெண்ணைப் பார்த்துவிட்டு எந்தப் பள்ளிக்கூடம் சீட்டு இல்லை என்று சொல்லிவிடும்? எனக்கு அவ்வளவு திமிர்.

அதற்குப் பிறகு நாங்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. துணி கிளிப்பைக் கலர் கலராகக் கொடியில் மாட்டினாள். தலைகாணிகளைத் தாண்டிக்கொண்டே கிழமை சொன்னாள். சப்பாத்தி மாவில் முக்கோணம் பிடித்தாள், அதையும் சுட்டுத் தின்றோம். காலையில் எழுந்ததும் இன்றைக்கு எதை ஒளிக்கலாம் என்ற யோசனையோடுதான் வாசல் தெளிப்பேன். சுகுமார் மட்டும், "புள்ளைய படிக்க வெக்கிறியா, இல்ல நீ வெளையாடறியா?" என்று கிண்டல் செய்தார். ரெண்டும்தான் என்றேன். உண்மையில் என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பாடத்தையும் படித்ததில்லை.

இன்டர்வியூ அன்று சுகுமார் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் பொன்னி வழியெல்லாம் கலர் சொல்லிக்கொண்டே வந்தாள். அண்ணி விழுப்புரத்திலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு புதுப் பை. உள்ளே பொன்னிக்குக் கவுனும் செருப்பும் இருந்தன. அன்றைக்கே கூட்டிக்கொண்டு போகும் ஏற்பாடு என்று புரிந்ததும் பொன்னியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்பா, அம்மா, பிள்ளை மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார்கள். அண்ணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

உள்ளே இருந்தவர் அருள்ராணி டீச்சர். சிரித்த முகம். பொன்னியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெயர் கேட்டார், சொன்னாள். சிவப்பு எது, பச்சை எது என்றார், டக் டக்கென்று தொட்டாள். வட்டம், சதுரம், முக்கோணம், எல்லாம். முக்கோணத்தை மட்டும் சப்பாத்தி என்றும் சொல்லிவைத்தாள். டீச்சர் சிரித்தார். நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு மனசுக்குள் விசிலடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக டீச்சர் ஒரு தட்டில் ஆறு பிஸ்கட் வைத்தார். "அம்மா, அப்பா, நீ. மூணு பேருக்கும் சமமா பங்கு போடு பார்க்கலாம்."

பங்கு! நான் சுகுமார் தொடையில் ஒரு குத்து விட்டேன். இது எங்கள் பாடம். இதில் என் பெண்ணை யார் ஜெயிக்க முடியும்?

பொன்னி சம்மணம் போட்டுக்கொண்டாள், நாற்காலியிலேயே. ஒரு பிஸ்கட்டை எடுத்து மேசையின் அந்தக் கோடியில் வைத்தாள். "இது போட்டுக்கு." இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தாள். "இது வலைக்கு."

இத்தனை நாள் கைதட்டியவள் நான்தான். போட்டும் வலையும் இல்லாத பங்கு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்கே தோன்றாதபோது அவளுக்கு எப்படித் தோன்றும்?

"இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு, இது எனுக்கு." ஐந்து பங்கு. தட்டில் ஒன்று மிச்சம். பொன்னி அதை எடுத்தாள், சுற்றிலும் பார்த்தாள், நாற்காலியிலிருந்து குதித்து வெளியே ஓடிப்போனாள்.

"எங்க போறா?" என்றார் டீச்சர்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "டீச்சர், எங்க ஊர்ல போட்டுக்கும் வலைக்கும் போட்டுட்டுதான் ஆளுக்குப் போடுவோம். தப்பு இல்ல டீச்சர், அவ சரியாதான் போட்டா. நீங்க மூணு பேருன்னா, போட்டு இல்லாம அந்த மூணு பேருக்கு எங்கேர்ந்து மீனு வரும்?" குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. சுகுமார் என் கையைப் பிடித்து இழுத்தார்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். கேலியாக இல்லை, ரசித்துத்தான் சிரித்தார். "ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்கம்மா. ஆனா சீட்டு கொஞ்சம்தான் இருக்கு. சொன்னதைக் கேட்டு ஒரு இடத்துல உட்கார்ற பிள்ளைங்களைத்தான் முதல்ல எடுக்கணும். இவளுக்கு வயசும் கம்மி. அடுத்த வருஷம் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."

அடுத்த வருஷம்! அடுத்த வருஷம் என் பெண் விழுப்புரத்தில் அல்லவா இருப்பாள். வெளியே வரும்போது கண்ணீர் மறைத்து, வாசற்படி தடுக்கியது.

வராந்தாவில் அண்ணி உள்ளங்கையில் அந்தப் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னி பெஞ்சுக்கடியில் புதுச் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துர்கா, இவ இன்னா சொல்லி இத குடுத்தா தெரியுமா?" என்றார் அண்ணி. "கரையில நிக்கறவங்களுக்காம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி அதே குப்பத்தில் பிறந்தவர். அந்த மீன் யாருக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? "அண்ணி, கொழந்த தெரியாம..." என்று இழுத்தேன்.

"தெரிஞ்சிதான் குடுத்தா. சின்னதுல அப்பா போட்ட மிச்ச மீன நானே எடுத்துக்கினு ஓடி குடுத்திருக்கேன். ஆளில்லாதவங்க கையில. அந்தக் கை எப்பிடி இருக்கும்னு இன்னிக்குதான் தெரிஞ்சிது." அண்ணியின் முகத்தில் கோபம் இல்லை. "மூணு பேர்னு சொன்ன எடத்துல என்னையும் நெனச்சிக்கினு ஓடியாந்துச்சே துர்கா."

சுகுமார் அக்கா முன்னால் வந்து நின்றார். "சீட்டு இல்லன்னுட்டாங்கக்கா. சொன்ன சொல்லு சொன்னதுதான். கூட்டிக்கினு போ." கல்யாணச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பைத்தியக்காரா. எங்க வூட்டுல டிவி கீது, பீரோ கீது. போட்டு கீதா? வலை கீதா? அங்க வந்து இவ எத வெச்சிடா பங்கு போடுவா?" பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த வருஷம் வரைக்கும் இவள உங்கூட வெச்சிக்கினு உன் பேஜாரு வெளையாட்டையெல்லாம் வெளையாடு. ஆனா நான் சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடுவேன். என்னையும் சேத்துக்கணும், சொல்லிட்டேன்."

நான் பள்ளிக்கூடம் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பொன்னியும் எதற்கென்று தெரியாமலேயே கத்தினாள். அருள்ராணி டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எங்கள் கிளியம்மாள் அக்காவே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அண்ணி அந்தப் பிஸ்கட்டை அங்கே தின்னவில்லை, கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

சனிக்கிழமை சொன்னபடியே வந்தார். இந்தமுறை பையில் கவுன் இல்லை. அவர் வீட்டு அடுக்களையிலிருந்த மூடிகள் அத்தனையும் கொண்டுவந்து என் வீட்டுக்குள் கொட்டினார். சாயங்காலம் வரை யார் வீட்டு மூடி யார் வீட்டுப் பாத்திரத்துக்கு என்று ஒரே அடிதடி. கட்டிலுக்கடியில் தவழ்ந்து போன அண்ணியை வெளியே இழுக்க நானும் பொன்னியும் காலைப் பிடித்து இழுத்தோம்.

வெயில் தாழ்ந்ததும் பொன்னி தரையில் சிப்பிகளைக் கொட்டிப் பங்கு போட உட்கார்ந்தாள். அண்ணி கொஞ்சம் தள்ளிச் சுவரோரமாக உட்கார்ந்தார், மிச்சம் விழுவதற்குக் காத்திருப்பவர் போல.

"போட்டுக்கு. வலைக்கு. அப்பாவுக்கு. அம்மாவுக்கு. எனுக்கு." பொன்னி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் கூறுக்குப் பக்கத்தில், இடித்துக்கொண்டு, புதிதாக ஒரு சிப்பியை வைத்தாள். "இது அத்தைக்கு."

அதற்குப் பிறகுதான் அடுத்த சுற்றுக்குப் போட்டிலிருந்து ஆரம்பித்தாள். அண்ணி சுவரோரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்து, தன் கூறுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.